ஊர்க்கவுண்டர் மலை இறங்க மறுத்த நாள்

புதிதாகக் கொல்லிமலைக்கு வேலைக்கு வந்திருக்கும் செவிலியர் பிள்ளைகளுக்கு என் அனுபவத்தில் ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். எழுதுகிறேன். ஆனால் நான் வாங்கிய பாராட்டுச் சான்றிதழ்களைப் பற்றி எழுதமாட்டேன். இரண்டைக் கரையான் தின்றுவிட்டது, மிச்சத்தை என் மருமகள் எந்தப் பரணில் போட்டாளோ தெரியவில்லை. நான் செய்த ஒரு தப்பைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். வேலையில் இருந்தவரைக்கும் இதை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொன்னால் எல்லோரும் என்னைத் தேற்றுவார்கள். அந்தத் தேறுதல் வேண்டாம் என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கல்லீரலைப் பற்றி உங்களுக்குப் படம் போட்டுச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எனக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். காமாலை என்றால் கண்ணைப் பார், சிறுநீர் என்ன நிறம் என்று கேள், மஞ்சள் குறைந்தால் நல்லது, கூடினால் கீழே அனுப்பு. இருபது வருடத்துக்கு மேல் இதை வைத்தே காலத்தை ஓட்டிவிட்டேன். கல்லீரல் சட்டென்று வேலையை நிறுத்திக்கொண்டால் அது மூளையைத் தாக்கும், அதை அந்த மனிதரின் பேச்சிலும் நடத்தையிலும்தான் முதலில் பார்க்க முடியும் என்பதைப் புத்தகத்தில் ஏதோ ஒரு மூலையில் படித்திருப்பேன். படித்ததோடு சரி.

என் சொந்த ஊர் மலையடிவாரத்துச் சேந்தமங்கலம். என் அப்பா, எங்கள் வீட்டுப் பேச்சில் அத்தா, அங்கே பாத்திரக்கடை வைத்திருந்தார். மிளகு மூட்டையோடு மலையிலிருந்து இறங்குகிறவர்கள் திரும்பும்போது எங்கள் கடையில் ஒரு குண்டாவோ தூக்குப்போசியோ வாங்காமல் போகமாட்டார்கள். அதனால் மலைச் சனங்களை எனக்கு நன்றாகத் தெரியும் என்ற நினைப்பில்தான் மலைமேல் குண்டூர் நாட்டில் கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்தேன். முதல் மாதமே அந்த நினைப்பு போய்விட்டது. தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊருக்குள் நுழைந்தால் கதவுகளைச் சாத்திக்கொள்வார்கள். கோழிகள் மட்டும் நின்று என்னை வேடிக்கை பார்க்கும்.

அந்தக் கதவுகளை எனக்குத் திறந்துவிட்டவர் அந்த ஊரின் ஊர்க்கவுண்டர். ஊர்ப் பெயரையும் அவர் பெயரையும் எழுத எனக்கு மனம் வரவில்லை. மலையில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு ஊர்க்கவுண்டர் உண்டு என்பதை நீங்கள் இதற்குள் தெரிந்துகொண்டிருப்பீர்கள். வழக்கோ கல்யாணமோ திருவிழாவோ, ஊர் கூடினால் அவர் சொல்வதுதான் முடிவு. அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதை அவரே திரும்ப எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பல ஊர்கள் சேர்ந்த நாட்டுக்கே பெரியவரான பட்டக்காரர் எடுக்க வேண்டும். வேறு யாரும் அதைத் தாண்டமாட்டார்கள்.

இந்த ஊர்க்கவுண்டர் முடிவு சொல்லும் விதமே தனி. கூட்டத்தில் உட்கார்ந்தால் முதலில் வாயே திறக்கமாட்டார். எல்லோரும் பேசி முடித்து ஓயட்டும் என்று துண்டை மடியில் போட்டுக்கொண்டு காத்திருப்பார். பிறகு, நீ இன்னது சொன்னாய், நீ இன்னது சொன்னாய் என்று ஒவ்வொருவர் பேச்சையும் ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொல்வார். சரிதானா என்று கேட்பார். அதற்கப்புறம்தான் தீர்ப்பு. தடுப்பூசி விஷயத்திலும் அப்படித்தான் நடந்தது. ஊசி போட்டால் காய்ச்சல் வருகிறது என்று ஒருவர், பின்னால் பிள்ளை பிறக்காது என்று ஒருவர், எனக்கு எதிராக ஒரு மணி நேரம் பேசினார்கள். எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லிவிட்டு, "வெள்ளிக்கெழம புள்ளைங்களக் குளிப்பாட்டிக் கொண்டாந்து உக்கார வைங்க. பாய் ஊட்டு நர்சம்மா நம்ம புள்ளைங்களுக்குக் கெட்டது செய்ய மலையேறி வரலீங்க" என்றார். அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து ஒரு கதவும் மூடவில்லை.

அவருக்கும் எனக்கும் நல்ல பழக்கம். என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி சாப்பிட்டீர்களா என்பதுதான். நோன்பு மாதத்தில் மட்டும், "எங்கீங்க எம்பட கஞ்சி?" என்று வம்பிழுப்பார். அடுத்த நாள் நோன்புக் கஞ்சி தூக்குப்போசியில் மலையேறும். பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காத ஒரு பெண்ணைக் கீழே அனுப்ப மாமியார் வீட்டார் தயங்கியபோது, "நர்சம்மா சொன்னாச் சொன்னதுதான், தூக்குங்கடா" என்று ஒரே சத்தம் போட்டார். அந்தப் பெண் பிழைத்தாள். ஆஸ்பத்திரிக்கு எதிரான மனிதர் இல்லை அவர். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அன்றைக்கு மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

நான் ஓய்வு பெறச் சில வருடங்கள் இருந்தபோது, ஒரு மழைக்காலத்தில் அந்த ஊரில் காமாலை பரவியது. ஊற்றுத் தண்ணீரைக் கொண்டுவரும் குழாய் ஓரிடத்தில் உடைந்து சாக்கடை கலந்திருந்தது. வீட்டுக்கு ஒருவர் படுத்தார்கள். பிள்ளைகள் ஒரு வாரம் சுணங்கிவிட்டு எழுந்து விளையாடப் போனார்கள். குழாயைச் சரிசெய்து, குளோரின் போட்டு, தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி வீடு வீடாகக் கத்தியதில் என் தொண்டை போனதுதான் பெரிய சேதம் என்று எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். கடைசியாகப் படுத்தவர் ஊர்க்கவுண்டர்.

போய்ப் பார்த்தேன். கண் நல்ல மஞ்சள். வாந்தி, பசியில்லை, அசதி. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் காமாலை அளவு கூடத்தான் இருந்தது. வாந்தி நிற்காவிட்டாலும் வேறு தொந்தரவு வந்தாலும் உடனே அனுப்புங்கள் என்றார் எங்கள் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர். மற்றவர்களுக்குச் சொன்னதையே இவருக்கும் சொன்னேன். ஓய்வாக இருங்கள், கஞ்சி குடியுங்கள், கண்ட மாத்திரையையும் விழுங்காதீர்கள். "நம்மூருக் கொழந்தைங்களே எந்திரிச்சு ஓடுது, எனக்கு என்னங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஊரே பிழைத்த நோய் இவரை என்ன செய்துவிடும் என்ற நினைப்புதான் எனக்கும். குழந்தைக்கு லேசாக வரும் அதே காமாலை வயதானவரைப் புரட்டிப் போட்டுவிடலாம் என்று எனக்கு உறைக்கவில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். காலையில் முதல் பஸ்ஸில் அந்த ஊர்க்காரப் பெண் ஒருத்தி இறங்கி என்னிடம் வந்தாள். ஊர்க்கவுண்டரின் மனைவி வெள்ளையம்மா சொல்லிவிட்டாராம். உடனே வரணுமாம். வெள்ளையம்மா அதிகம் பேசாதவர். அவராக என்னை ஒருநாளும் கூப்பிட்டு அனுப்பியதில்லை. சிறுகுறிப்பேட்டையும் பையையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டுப் போனேன்.

வீட்டு வாசலில் ஆண்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளையம்மா என்னை மாட்டுக் கொட்டகைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் மெதுவாகப் பேசினார்.

"மூணு நாளாப் பகலெல்லாம் தூங்கறாருங்க. பொழுது போனாக் கண்ணு மூடறதில்ல. ஊட்டுக்குள்ளயே நடந்துக்கிட்டே இருக்கறாரு. முந்தாநேத்து குதிருக்குப் பக்கத்துல ஒண்ணுக்கு இருந்துட்டாருங்க. நேத்து என்னையப் பாத்து, ஆருடி நீயின்னு கேட்டாரு."

"வாந்தி நின்னுச்சா?"

"அது நின்னுருச்சுங்க. ஆனா அவரு அவராட்டம் இல்லீங்க, நர்சம்மா."

அவரு அவராட்டம் இல்லீங்க. இதைவிடத் தெளிவாக எந்த டாக்டரும் எனக்கு நோயைச் சொல்லிவிட முடியாது. நான் வாந்தி நின்றதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கண்ணின் மஞ்சள் ஆரஞ்சு நிறத்துக்குப் போயிருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார், சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை. பக்கத்தில் போனபோது அவர் மூச்சில் ஒரு மாதிரி இனிப்பும் ஊளையும் கலந்த வாடை. கட்டிலுக்கு அடியில் அறுத்த பலாப்பழம் இருந்தது, அதன் வாடை என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீர்த் தம்ளரைக் கொடுத்தால் கை நிலையாக நிற்காமல் தம்ளர் விழுந்தது. சாப்பிடாமல் கிடக்கிற உடம்பு, நடுங்கத்தானே செய்யும் என்று அதற்கும் ஒரு சமாதானம். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டேன். சந்தை நாள் என்றார். சந்தை போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. எனக்கே சில நாள் கிழமை மறந்துபோகிறது என்று சொல்லி வாசலில் இருந்தவர்களைச் சிரிக்க வைத்தேன். என் வாழ்க்கையில் நான் அடித்த ஜோக்குகளிலேயே மோசமானது அதுதான்.

இருந்தாலும் கண்ணின் நிறம் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. அவருடைய தம்பி மகன் செல்லமுத்து சொந்தமாகப் பிக்கப் வண்டி ஓட்டுகிறவன். வண்டியை எடுக்கச் சொல்லி அவனுக்குக் கண்ணைக் காட்டிவிட்டு, "ஐயா, கீழ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு தடவ காட்டிட்டு வந்தர்லாம். சாயங்காலமே திரும்பிக்கலாம்" என்றேன்.

முடிக்கவில்லை, எழுந்து நின்றுவிட்டார்.

"நான் எறங்கல. ஆரும் என்னைய எறக்கப்படாது. இது எம்பட வார்த்த."

வாசலில் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்த செல்லமுத்து சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தான். வெள்ளையம்மா ஓரடி முன்னால் வந்து ஏதோ சொல்லப்போனார். "போடி உள்ள" என்றார் இவர். அத்தனை பேர் முன்னால் மனைவியை அவர் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. வாசலில் இருந்தவர்களும் பார்த்ததில்லை, தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பிள்ளைகளே, நான் சொன்னதை ஞாபகப்படுத்திப் பாருங்கள். எல்லோரும் பேசி முடிக்கும்வரைக்கும் வாய் திறக்காத மனிதர், யாரும் ஒரு சொல் சொல்வதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டார். எத்தனையோ பேரைக் கீழே அனுப்பிவைத்தவர், தான் போகமாட்டேன் என்கிறார். இது அவருடைய தீர்ப்பு இல்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு எந்தப் படிப்பும் தேவைப்படவில்லை. அவரை இருபது வருடமாகத் தெரிந்திருந்ததே போதும். ஆனால் அந்த நிமிடத்தில் நான் அவரைப் பார்க்கவில்லை, வாசலில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தேன். இத்தனை ஆண்கள் முன்னால் ஊர்க்கவுண்டர் வார்த்தையை நான் மறுத்தால் இந்த ஊரில் எனக்கு அப்புறம் என்ன மரியாதை? அடுத்த தடுப்பூசிக்கு யார் வருவார்கள், அடுத்த பிரசவத்துக்கு யார் கூப்பிடுவார்கள்? இருபது வருடம் பாடுபட்டுத் திறந்த கதவை ஒரே நாளில் மூடிக்கொள்வதா? இப்படியெல்லாம் யோசித்தேன். இது பொய் இல்லை. ஆனால் இதற்குக் கீழே இன்னொன்றும் இருந்தது. அவர் மறுத்தது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. முடிவு என் தலையிலிருந்து இறங்கிவிட்டது.

மேல் சிகிச்சைக்குப் போக மறுப்பவர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று எங்களுக்கு உத்தரவு இருந்தது. பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினேன். அவர் முதியோர் கல்வியில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவர். பெயரை முழுதாக, எழுத்தெழுத்தாக, கோடு போட்ட மாதிரி நேராக எழுதுவார். என்னுடைய பதிவேடுகளிலேயே அவர் கையெழுத்து எத்தனையோ இடத்தில் இருந்தது. அன்றைக்குப் பேனாவைப் பிடிக்கவே வெகுநேரம் ஆயிற்று. எழுத்துகள் தாளின் ஓரத்துக்குச் சரிந்து போயின. ஒரே எழுத்தை மூன்று தடவை எழுதினார், பெயரை முடிக்காமலே பேனாவைக் கொடுத்துவிட்டார். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"நாளைக்கு வாரேனுங்க" என்று வெள்ளையம்மாவிடம் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலையில் செல்லமுத்துவுக்குப் போன் போட்டேன். சிக்னல் விட்டுவிட்டுக் கிடைத்தது. "எப்படி இருக்கறாரு?"

"இப்ப நல்லாத் தூங்கறாருங்க நர்சம்மா. ராத்திரியெல்லாம் ஒரே சத்தம். விடிஞ்சதுக்கப்பறம் அமைதியாயிட்டாரு."

அப்பாடா என்றிருந்தது. தூங்கட்டும், எழுப்பாதீர்கள் என்று வேறு சொன்னேன். அன்று என் துணை சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளைப் பார்க்கும் நாள். அதை முடித்துவிட்டு மதியத்துக்கு மேல் போய்ச் சேர்ந்தேன்.

அது தூக்கம் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், தோளை உலுக்கினேன். நெஞ்செலும்பில் அழுத்தியபோது ஒரு முனகல் மட்டும் வந்தது. நூற்றெட்டு ஆம்புலன்சுக்குப் போன் போட்டால் வண்டி வேறொரு நோயாளியோடு கீழே இறங்கிக்கொண்டிருந்தது. செல்லமுத்துவைப் பார்த்து, தூக்குங்கள் என்றேன். யாரும் அசையவில்லை.

"எறக்கப்படாதுன்னு வார்த்த சொல்லிப்போட்டாருங்களே" என்றான் செல்லமுத்து. அவன் கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. அடம்பிடிக்கிறவன் முகம் இல்லை அது. "அவரு எந்திரிச்சு ஒரு வார்த்த மாத்திச் சொன்னா இப்பவே தூக்கிருவோமுங்க. இல்லாட்டி பட்டக்காரர்கிட்டப் போயிக் கேக்கோணும்."

சொன்னவர் நினைவில்லாமல் கிடக்கிறார், அவர் சொன்ன வார்த்தை மட்டும் கதவுக்குக் குறுக்கே நிற்கிறது. கத்தினேன், கெஞ்சினேன். நேற்று அதே வார்த்தைக்கு மரியாதை கொடுத்து, தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போனவள் நான். இன்று அதை மீறுங்கள் என்றால் அவர்கள் எப்படிக் கேட்பார்கள்? இரண்டு பேர் பைக்கில் பட்டக்காரர் வீட்டுக்குப் பறந்தார்கள். அவர் எழுதிக்கூட அனுப்பவில்லை, பாதிப் பேச்சிலேயே கொண்டுபோங்கள் என்று விரட்டிவிட்டாராம். ஆனாலும் போய் வருவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது.

பிக்கப்பின் பின்பக்கத்தில் மெத்தை போட்டு, தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்துக்கொண்டு, எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கினோம். வாந்தி எடுத்தால் புரை ஏறாமல் இருக்க ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு வந்தேன். வெள்ளையம்மா அவர் பாதத்தை மடியில் வைத்திருந்தார்.

கீழே ஆஸ்பத்திரியில் வேலையில் இருந்தவர் ஒரு இளம் பெண் டாக்டர். உங்களைவிட நாலைந்து வயது கூட இருக்கும், அவ்வளவுதான். கண்மணியில் விளக்கடித்துப் பார்த்து, ரத்தத்துக்கு அனுப்பி, குழாய் போட்டு, மேல் சிகிச்சைக்குப் பெரிய ஊருக்கு மாற்ற ஏற்பாடு செய்து, அத்தனையும் செய்த பிறகு என்னிடம் வந்தார்.

"எப்ப இருந்தும்மா வேற மாதிரி நடந்துக்கிட்டார்?"

"மூணு நாலு நாளா."

"நேத்து நீங்க பாத்திருக்கீங்க. ஏன் அனுப்பல?"

நான் தாளை எடுத்துக் கொடுத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது, கேட்டவுடனே சட்டென்று நீட்டினேன். அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அம்மா, இந்தக் கையெழுத்தப் பாத்ததும் இவர நீங்க வண்டியில ஏத்தியிருக்கணும்" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு வராந்தாவில் நின்றபடியே எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். குடலிலிருந்து வரும் கழிவைக் கல்லீரல்தான் சுத்தம் செய்து அனுப்புகிறது. அது திடீரென்று நின்றுபோனால் அமோனியா மாதிரியான நஞ்சுகள் அப்படியே ரத்தத்தில் மூளைக்குப் போகின்றன. முதலில் போவது பெரிய விஷயங்கள் இல்லை. தூக்கம் இடம் மாறும், கோபம் வரும், கை எழுதாது, எது சரி எது தப்பு என்று எடைபோடும் புத்தி மங்கும். ஆனால் பெயரைச் சொல்வார், ஊரைச் சொல்வார், பார்க்கிறவர்களுக்கு அவர் மாதிரியே தெரிவார். அதற்கப்புறம் மூளை வீங்க ஆரம்பிக்கும். மண்டை ஓட்டுக்குள் வீங்குவதற்கு இடம் கிடையாது. அந்தக் கட்டத்தில் வருவதைத்தான் வீட்டில் இருப்பவர்கள் தூக்கம் என்று நினைத்து நிம்மதி அடைகிறார்கள்.

"நேத்தே கூட்டிட்டு வந்திருந்தா?" என்று கேட்டேன்.

"சொல்ல முடியாதும்மா. நேத்து வந்திருந்தாலும் போயிருக்கலாம். பொழைக்கவும் செஞ்சிருக்கலாம். நேத்துன்னா எங்களுக்குச் செய்யறதுக்கு வேலை இருந்திருக்கும்."

மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார். மலைக்குத் திரும்பக் கொண்டுவந்தபோது எல்லா ஊர்களிலிருந்தும் கூட்டம் வந்தது. நானும் போனேன். ஓரமாக நின்றுவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கிவிட்டேன்.

காமாலையில் ஒரு சாவு என்றதும் மேலதிகாரிகள் விசாரணைக்கு வந்தார்கள். நோயாளி மறுத்தாரா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். சுயநினைவோடு இருந்தாரா? இருந்தார் என்றேன். தெளிவாகப் பேசினாரா? தெளிவாகப் பேசினார் என்று சொல்லிவிட்டுத் தாளைக் கொடுத்தேன். தாள் இருந்ததே தவிர அதில் இருந்த எழுத்தை யாரும் பார்க்கவில்லை. கோப்பில் சேர்த்தார்கள், விஷயம் முடிந்தது. "நல்ல வேளை, கையெழுத்து வாங்கி வெச்சிருந்தீங்க அக்கா" என்று கூட வேலை பார்த்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவருக்கு மூளை கலங்கியிருந்தது என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே சாட்சியை, அவர் தெளிவாக இருந்தார் என்பதற்குச் சாட்சியாகக் கொடுத்துத் தப்பித்துக்கொண்டேன். அனுப்பாமல் விட்டதைத் தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இதைத் தெரிந்தேதான் செய்தேன். இதற்காக எத்தனையோ தொழுகைகளில் அழுதிருக்கிறேன், மனம் ஆறவில்லை.

நீங்கள் புத்திசாலிப் பிள்ளைகள், பாடம் என்ன என்று நான் பிட்டுப் பிட்டு வைக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒன்றிரண்டு சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. காமாலைக்காரரைப் பார்க்கப் போனால் கண்ணைப் பார்த்த கையோடு வீட்டில் இருப்பவர்களிடம், இவர் எப்போதும் போல இருக்கிறாரா என்று கேளுங்கள். எப்போதும் போல என்றால் என்ன என்பதை அவர்கள்தான் சொல்ல முடியும், நீங்கள் சொல்ல முடியாது. கையை நீட்டி, மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கை படபடவென்று கீழே விழுந்து விழுந்து எழுந்தால் வண்டியைக் கூப்பிடுங்கள். எழுதத் தெரிந்தவர் என்றால் தினமும் பெயரை எழுதச் சொல்லி முதல் நாள் எழுத்தோடு ஒப்பிடுங்கள். ராத்திரி தூக்கமில்லை, ஒரு மாத்திரை கொடுங்கள் என்று கேட்டால் தூக்க மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். தூங்குகிறார் என்று யாராவது போனில் சொன்னால் எழுப்பிப் பார்க்கச் சொல்லிவிட்டு நீங்களும் ஓடுங்கள்.

நோயாளிக்கு மறுக்கும் உரிமை உண்டு என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். உண்டு. அந்த உரிமை அவருக்கு உரியது. மறுப்பது அவர்தானா என்று பார்க்கிற வேலை உங்களுக்கு உரியது. அந்தச் சாவுக்கு இரண்டு வருடம் கழித்து, காமாலையோடு இருந்த ஒரு கர்ப்பிணிப் பெண் வண்டியில் ஏறமாட்டேன் என்று ஊரே கேட்கும்படி என்னைத் திட்டினாள். அதற்கு முந்தின வாரம்வரைக்கும் எனக்கு மோர் கொடுத்து உபசரித்தவள். நான் எந்தத் தாளையும் எடுக்கவில்லை. அவள் என் மணிக்கட்டைக் கடிக்கக் கடிக்க ஏற்றிக்கொண்டு போனேன். பிழைத்துக்கொண்டாள். குழந்தை தங்கவில்லை. அவள் எதிரில் வந்தால் இன்றும் என் கையைத்தான் முதலில் பார்க்கிறாள். கடித்ததெல்லாம் அவளுக்கு ஞாபகம் இல்லை, மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

ஊர்க்கவுண்டர் போன பிறகு ஒரு வருடத்துக்கு மேல் நான் அந்த வீட்டு வழியாகப் போகவே இல்லை. தடுப்பூசிக்குப் போனாலும் பின்பக்கத்துக் குச்சிக்கிழங்குக் காட்டைச் சுற்றிக்கொண்டு போவேன். ஊரில் என் மரியாதைக்கு ஒரு குறையும் வரவில்லை. பிள்ளைகளை எப்போதும் போலக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். நான் பயந்தபடி கதவு எதுவும் மூடவில்லை, அன்றைக்கு நான் அவரை வலுக்கட்டாயமாக இறக்கியிருந்தாலும் மூடியிருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

ஒருநாள் வெள்ளையம்மாவே துணை நிலையத்துக்கு வந்தார். ரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்திருந்தார். பட்டையைக் கையில் சுற்றினேன், அளவு பார்த்தேன், மாத்திரையை எண்ணிக் கொடுத்தேன். கிளம்பப்போனவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்து, ஒரு வருடமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அன்னைக்கு அவரு சொன்னதக் கேட்டுக்கிட்டு நான் போயிருக்கக் கூடாதும்மா. தப்பு என் பேர்லதான்."

அவர் மாத்திரைப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டார். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை.

"உங்க மேல கோவமெல்லாம் ஒண்ணுமில்லீங்க, நர்சம்மா" என்றார். "அவரு வார்த்தைய எங்கூருல ஆரும் தட்டமாட்டாங்க. நானும் ஒருநாளும் தட்டுனதில்ல. நீங்க கீழூருக்காரவிய, உங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு ஒண்ணுமில்லைன்னுதான் நான் அன்னைக்கு ஆள் உட்டுக் கூப்ட்டேன்."